இம்மியும் பிசகாமல்

"இம்மியும் பிசகாமல்" என்னும் தொடரை நாம் அன்றாடம் வழங்குகிறோம். கணக்குச் சரியாக இருந்தால் இம்மியும் பிசகவில்லை என்கிறோம். சொன்ன சொல்லைக் காப்பவரை இம்மியும் பிசகாதவர் என்று புகழ்கிறோம். ஆனால் இம்மி என்பது என்ன அளவு என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதிய நம் முன்னோர் அவ்வாறு விழித்திருக்கமாட்டார்கள். ஒன்றை இருபதாகப் பகுத்தால் ஒரு மா. எண்பதாகப் பகுத்தால் ஒரு காணி. முந்நூற்றிருபதாகப் பகுத்தால் ஒரு முந்திரி. அந்த முந்திரியை மீண்டும் முந்நூற்றிருபதாகப் பகுத்தால் கீழ்முந்திரி. அதற்கும் கீழே, பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் சிறியதாக நிற்பது இம்மி. நெல்லையும் நிலத்தையும் அளந்து வாழ்ந்த ஒரு சமுதாயம் அவ்வளவு நுண்ணிய பின்னத்துக்குப் பெயரிட்டு, அதைச் சிறுவர்களுக்கு மனப்பாடமும் செய்வித்தது என்பது வியப்புக்குரியது.

இத்தகைய மரபில் வந்தவன் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பது பொருத்தமே என்று நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. வரலாற்றைப் பாடமாக எடுத்துப் பி.ஏ. பட்டம் பெற்று, தேர்வெழுதி, தில்லிக்கு வந்து, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தனாக இருபதாண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டவன் நான். எங்கள் பிரிவில் "வித்தியாசம்" என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். இரு கூட்டுத்தொகைகள் ஒன்றோடொன்று ஒத்துவராமல் நிற்கும் தொகையே வித்தியாசம். அது ஒரு ரூபாயாயினும் இலட்சம் ரூபாயாயினும் தேடல் ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்கும்வரை பேரேட்டை மூட இயலாது. ஒரு ரூபாய் வித்தியாசத்துக்காக மூன்று பேர் இரவு எட்டு மணிவரை அமர்ந்திருந்த நாள்களை நான் கண்டிருக்கிறேன். கணக்கு என்றால் ஒன்று சரி, இல்லையேல் தவறு. இடைப்பட்ட நிலை கிடையாது என்பதே எங்கள் தொழிலின் சமயம்.

பேரேடுகள் போய்க் கணிப்பொறிகள் வந்தபின் அந்தச் சமயத்தின் தெய்வம் மாறியது. கூட்டுவதும் பெருக்குவதும் இயந்திரத்தின் வேலையாயிற்று; அச்சிட்டு வரும் தாளின் அடியில் கையெழுத்திடுவது எங்கள் வேலையாயிற்று. ஒரு தொகை எப்படி விளைந்தது என்று அறியாமலே அதற்குச் சாட்சி சொல்வது எனக்கு உறுத்தலாகவே இருந்துவந்தது. அந்த உறுத்தலே என்னை நாற்பத்து மூன்றாம் வயதில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாலைநேரச் சான்றிதழ் வகுப்பிற்கு அழைத்துச் சென்றது. மேல்நிலைப் பள்ளியில் கணிதம் படித்தவர்களுக்கு இடம் உண்டு என்றார்கள், சேர்ந்துவிட்டேன். அதில் ஒரு தாளின் பெயர் "அறிவியல் கணக்கீடும் எண்வழிப் பிழையும்". பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லித் தருவார்கள் என எண்ணிச் சென்றேன். பிழையின்றிக் கணக்கிடுவது பெரும்பாலும் இயலாது என்று தொடங்கினார்கள்.

வகுப்பில் முப்பது பேர். என்னைத் தவிர அனைவரும் என் மகளின் வயதை ஒத்தவர்கள். பாடம் நடத்திய பேராசிரியை வங்காளத்தைச் சேர்ந்தவர். முதல் நாள் அவர் எங்களைப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் ஒரே ஒரு வரி எழுதச் சொன்னார். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 வருமா என்று இயந்திரத்தைக் கேட்கவேண்டும். "இல்லை" என்று விடை வந்தது. அப்படியானால் எவ்வளவு வருகிறது என்று கேட்டோம். 0.30000000000000004 என்று திரையில் எழுந்தது. இளைஞர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்துப் பைசாவையும் இருபது பைசாவையும் கூட்டத் தெரியாத ஒன்றிடமா அரசாங்கத்தின் சம்பளப் பட்டியலை ஒப்படைத்திருக்கிறோம் என்று திகைத்தேன்.

காரணம் விளங்கியபோது திகைப்பு வேறு வடிவெடுத்தது. கணிப்பொறி இரும எண் முறையில் கணக்கிடுவது. ஒன்றுக்கும் குறைந்த அளவை அது பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்ற படிகளைக் கொண்டே அளக்கவேண்டும். உழக்கும் ஆழாக்கும் மட்டும் வைத்துக்கொண்டு பத்தில் ஒரு படி அரிசியை அளக்கச் சொன்னால் என்ன செய்வோம்? பதினாறில் ஒன்று போடலாம், போதாது. முப்பத்திரண்டில் ஒன்றைச் சேர்க்கலாம், இன்னும் போதாது. 256-இல் ஒன்று, 512-இல் ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போகலாம். நெருங்குமேயன்றி ஒருபோதும் எட்டாது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவின்றி ஓடுகிறதல்லவா? பத்தில் ஒன்று இரும முறையில் அவ்வாறே ஓடுகிறது. இயந்திரத்திடம் உள்ள இடமோ அளவுடையது. ஆகவே ஓரிடத்தில் நிறுத்தி, அருகில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்கிறது. நாம் 0.1 என்று எழுதும்போதே அது வேறோர் எண்ணாகத்தான் உள்ளே நுழைகிறது.

அன்றிரவு மெட்ரோ வண்டியில் வீடு திரும்பும்போது எண்சுவடி நினைவுக்கு வந்தது. அரை, கால், அரைக்கால், வீசம் ஆகிய நம் பின்னங்கள் முறையே இரண்டில், நான்கில், எட்டில், பதினாறில் ஒன்று. இவை நான்கையும் கணிப்பொறி இம்மியும் பிசகாமல் வைத்துக்கொள்ளும். ஆனால் மா, காணி, முந்திரி ஆகியவற்றை வைத்துக்கொள்ள இயலாது. அவற்றின் கீழெண்ணில் ஐந்து மறைந்து நிற்கிறது. நாணயத்துக்கும் இது பொருந்தும். 1957 ஏப்ரல் முதல் நாள் தசம நாணயம் வருவதற்கு முன் நம் ரூபாய் பதினாறு அணாவாகப் பகுக்கப்பட்டிருந்தது. பதினாறில் ஒன்றாகிய அணாவை இந்நாளைய கணிப்பொறி குறையின்றி ஏற்கும். கணக்கிடுவதற்கு எளிது என்று கொண்டுவந்த பத்துப் பைசாவை ஏற்காது. என் பாட்டனாரின் அணாக் கணக்கு, அவர் கண்டிராத இயந்திரத்துக்கு எங்கள் பைசாக் கணக்கைவிட இசைவானது என்ற செய்தியை எண்ணி எண்ணி மகிழ்ந்தேன்.

இயந்திரம் ஓர் எண்ணுக்குப் பதினைந்து, பதினாறு தசம இலக்கங்கள் அளவுக்கு இடம் ஒதுக்குகிறது. எப்படி எழுதுவது, எப்படி முழுமையாக்குவது என்பதற்கெல்லாம் 1985-இல் ஓர் உலகப் பொது நெறி வகுக்கப்பட்டது. அதற்குப் பெரிதும் காரணமாக இருந்தவர் கனடாவில் பிறந்த வில்லியம் கஹான் என்னும் அறிஞர். 1989-இல் டியூரிங் விருது பெற்றவர். அந்த நெறியில் ஒரு நுட்பம் எங்களைப் போன்ற எழுத்தர்களைத் தூக்கிவாரிப்போடும். சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படை எண்ணின் பக்கமே சேர்க்கவேண்டும் என்பது அதன் இயல்பான விதி. எங்கள் அலுவலகத்தில் ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் வந்தால் அடுத்த ரூபாய். அதற்குக் குறைந்தால் விட்டுவிடுவோம். ஆகவே இரண்டரை எங்களுக்கு மூன்று. பைத்தானுக்கோ இரண்டரையும் இரண்டுதான். ஆனால் மூன்றரை நான்கு. பாதி எப்போதும் மேலே ஏறினால் கூட்டுத்தொகை மெல்ல மெல்ல ஒருபக்கமாகச் சாயும். சிலமுறை ஏறியும் சிலமுறை இறங்கியும் நின்றால் சாய்வு தானே கழிந்துவிடும் என்பது அதன் நியாயம்.

ஒருபக்கச் சாய்வு எவ்வளவு கேடு செய்யும் என்பதற்குக் கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை சான்று. 1982 தொடக்கத்தில் அங்கு ஒரு விலைக் குறியீட்டு எண்ணை 1,000 என்று வைத்துத் தொடங்கினார்கள். ஒவ்வொரு விற்பனைக்குப் பின்னும், நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை, அதைத் திருத்தி எழுதினார்கள். மூன்று தசம இடங்களுக்குப் பின் வருவதை முழுமையாக்காமல் வெட்டிவிட்டார்கள். வெட்டுவது எப்போதும் கீழ்நோக்கியே இழுக்கும். இருபத்திரண்டு மாதங்களில் எண் 520-ஐ ஒட்டிச் சரிந்துவிட்டது. சந்தை நலிந்துவிட்டதென்றே பார்த்தவர் எண்ணியிருப்பர். 1983 நவம்பரில் திருத்திக் கணக்கிட்டபோது உண்மை மதிப்பு 1,098-க்கும் மேல் என்று தெரிந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த துணுக்குகள் பாதி மதிப்பைத் தின்றுவிட்டன.

மற்றொரு நிகழ்ச்சியைப் பேராசிரியை சொன்னபோது வகுப்பு அமைதியாயிற்று. 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்கப் படைவீடு ஒன்றின்மேல் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 வீரர்கள் இறந்தார்கள். அதை வழிமறிக்க வேண்டிய பேட்ரியட் காவல் அமைப்பு அதைத் தவறவிட்டது. அந்த அமைப்பின் கடிகாரம் காலத்தை விநாடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணியது. அதே பத்தில் ஒன்று! 24 இரும இலக்கங்களுக்குள் அதை அடைத்ததில் ஏற்பட்ட குறை, ஒரு கோடியில் ஒரு விநாடி என்ற அளவினதே. ஆனால் இயந்திரம் ஏறத்தாழ நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியிருந்தது. முப்பத்தாறு இலட்சம் முறை சேர்ந்த அந்தக் குறை 0.34 விநாடியாக வளர்ந்துவிட்டது. அந்நேரத்திற்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். காவல் அமைப்பு வெற்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நெடுநேரம் ஓடினால் குறி விலகுகிறது என்பது இரு வாரங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது; திருத்திய நிரல் தஹ்ரானை அடைந்தது மறுநாள். எங்கள் பிரிவில் ஒரு ரூபாய்க்காக இரவில் அமர்ந்திருப்பதைக் கேலி செய்பவர்களுக்கு இதைச் சொல்லலாம் என்று அன்று தோன்றியது.

பாடம் வளர வளரப் பிழையின் குணங்கள் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. கூட்டலிலும் வரிசைக்கு மதிப்புண்டு என்பது அவற்றுள் ஒன்று. ஐந்து இலக்கங்கள் மட்டுமே எழுதக்கூடிய ஓர் ஏடு இருப்பதாகக் கொள்வோம். அதில் 10,000 என்று எழுதி, 0.4-ஐ ஆயிரம் முறை கூட்டுவோம். ஒவ்வொரு முறையும் 10,000.4 என்பது இடமில்லாமையால் மீண்டும் 10,000 ஆகிவிடும். ஆயிரம் முறை கூட்டியபின்னும் 10,000-தான். அவ்வாறன்றி, அந்த ஆயிரம் சிறு தொகைகளையும் முதலில் தமக்குள் கூட்டிக்கொண்டால் 400 ஆகும். அதன்பின் பெரிய தொகையோடு சேர்த்தால் 10,400. சிறு துளி பெருவெள்ளம் என்பது உண்மையே. ஆனால் ஒவ்வொரு துளியையும் தனித்தனியே கடலில் விட்டால் கடல் அதை அறியாது. துளிகள் முதலில் ஒன்று திரளவேண்டும். மேற்சொன்ன கஹான் இதற்கு ஓர் உபாயம் சொன்னார். கூட்டும்போது சிந்துகின்ற துணுக்கைத் தனியே ஒரு கணக்கில் எடுத்துவைத்து, அடுத்த கூட்டலின்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சில்லறையை அஞ்சறைப் பெட்டியில் போட்டுவைத்து மாதக் கடைசியில் எடுக்கும் நம் இல்லத்தரசிகளுக்கு இந்த உபாயத்தை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கழித்தல் கூட்டலினும் அபாயமானது. ஒரு லாரியை எலுமிச்சம்பழத்தோடு ஒருமுறையும், அது இல்லாமல் ஒருமுறையும் எடைமேடையில் நிறுத்தி, இரண்டையும் கழித்துப் பழத்தின் எடையைக் காண முயன்றால் எப்படி இருக்கும்? எடைமேடையின் சிறு பிழையே பழத்தினும் பெரிதாக இருக்கும். ஏறத்தாழச் சமமான இரு பெரிய எண்களைக் கழிக்கும்போது நம்பத்தக்க இலக்கங்கள் எல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, எஞ்சி நிற்பது பிழை மட்டுமே. பள்ளியில் படித்த இருபடிச் சமன்பாட்டின் வாய்பாட்டிலேயே இந்தப் பொறி இருக்கிறது. கூட்டுத்தொகை 1,000, பெருக்கற்பலன் 1 என அமைந்த இரு எண்கள் எவை? வாய்பாட்டின்படி சென்றால், சிறிய எண்ணைப் பெற 1,000-லிருந்து 999.998-ஐக் கழித்துப் பாதியாக்க வேண்டும். நம் ஐந்திலக்க ஏட்டில் 999.998 என்பது 1,000.0 ஆகிவிடுவதால் விடை பூச்சியம். பூச்சியத்தை எதனோடு பெருக்கினாலும் ஒன்று வாராதே! ஆனால் பெரிய எண் 1,000 என்பதை முதலில் பெற்று, பெருக்கற்பலன் ஒன்று என்பதால் சிறியது ஆயிரத்தில் ஒன்று என்று வகுத்துக் கண்டால், அதே ஏட்டில் 0.001 என்ற நல்ல விடை கிடைக்கிறது. ஏடு மாறவில்லை, கேள்வி மாறவில்லை. அணுகிய வழி மட்டுமே மாறியது.

பிழையில் இருவகை உண்டு என்றும் கற்றேன். இயந்திரத்தில் இடமின்மையால் வருவது ஒன்று. முடிவின்றிச் செல்லும் கணக்கை நாம் ஓரிடத்தில் நிறுத்திக்கொள்வதால் வருவது மற்றொன்று. ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது வளரும். பக்கம் 1 அளவுள்ள ஒரு சதுரத்தின் பக்கத்தைச் சிறிது நீட்டினால் பரப்பு எந்த வீதத்தில் கூடும்? உண்மை விடை 2. பத்தில் ஒரு பங்கு நீட்டிக் கணக்கிட்டால் 2.1 வரும், நூறில் ஒரு பங்கு நீட்டினால் 2.01. நீட்டும் அளவைக் குறைக்கக் குறைக்க விடை இரண்டை நெருங்குகிறது. பத்துக் கோடியில் ஒரு பங்குவரை எல்லாம் நன்மையாகவே நடக்கிறது. பேராசை கொண்டு அதற்கும் கீழே இறங்கினால் விடை தள்ளாடத் தொடங்குகிறது. அதனினும் பத்துக் கோடி மடங்கு சிறிதாக்கினால், நீட்டியதையே இயந்திரம் உணராமல் பூச்சியம் என்று விடை தருகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை எண்களைக் கொண்டு மெய்ப்பிக்க இயலும் என்று நான் கனவிலும் கருதியதில்லை.

இவற்றையெல்லாம் மேலைநாட்டுப் புதுமை என்று கருதிவிடலாகாது. கி.பி. 499-இல் ஆரியபட்டர், இருபதாயிரம் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 62,832 என்று கூறி, அது "ஆசன்னம்", அதாவது நெருங்கியது என்றும் சொல்லிவைத்தார். விடையைத் தந்ததோடு அதன் தன்மையையும் சேர்த்துச் சொன்ன நேர்மை அது. பின்னர்க் கேரளத்தில் பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த சங்கமகிராமத்து மாதவர், வட்டத்தின் பரிதிக்கு முடிவிலாத் தொடர் ஒன்றைக் கண்டார். ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து என்று போய், நான்கால் பெருக்கினால் அந்த விகிதம் கிடைக்கும். ஆனால் தொடர் மிக மெதுவாக நடப்பது. இதை நான் கணிப்பொறியில் செய்து பார்த்தேன். ஐம்பது உறுப்புகள் கூட்டியபின்னும் 3.12159 என்றே நின்றது. மாதவர் அத்துடன் விடவில்லை. நிறுத்திய இடத்தில் எவ்வளவு பிழை எஞ்சும் என்பதையும் கணித்து, அதற்கொரு திருத்தம் வகுத்தார். ஐம்பதாவது உறுப்பில் நிறுத்தினால் ஐம்பதில் ஒன்றைச் சேர்க்கவேண்டும். சேர்த்தேன். 3.14159 என்று திரையில் நின்றது! அருகில் அமர்ந்திருந்த மாணவர் ஏன் இந்தப் பெரியவர் தனியே சிரிக்கிறார் என்று என்னைப் பார்த்தார்.

நம் தமிழருக்கும் இதில் பங்குண்டு. ஜான் வாரன் என்பவர் 1825-இல் வெளியான தம் "கால சங்கலிதம்" என்னும் நூலில், புதுவையில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் ஏடும் எழுத்தாணியும் இன்றி, தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டு மே இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் நான்கு நிமிடமும், நடுப்பகுதி இருபத்து மூன்று நிமிடமும், முடிவு ஐம்பத்திரண்டு நிமிடமும் விலகியிருந்தன. இதைப் படிப்பவர் பிழையைக் கண்டு நகைக்கலாம். நான் வேறுவிதமாகப் பார்க்கக் கற்றேன். சோழிகளாலும் நினைவாற்றலாலும், வானில் நிகழவிருப்பதை ஒரு மணி நேரத்துக்குட்பட்ட பிழையோடு ஒரு மனிதர் சொன்னார். எவ்வளவு கருவிக்கு எவ்வளவு பிழை என்று சேர்த்துப் பார்த்தால்தான் எந்தக் கணக்கின் பெருமையும் விளங்கும்.

தேர்வுக்குச் சில வாரங்கள் முன்னர், கற்றது கைகொடுக்க நேர்ந்தது. எங்கள் பிரிவிலிருந்து 214 பேருக்கான நிலுவைத் தொகைப் பட்டியல் ஒன்று சென்றது. மேலே சரிபார்த்தவர்கள் அச்சிட்ட தொகைகளைக் கையால் கூட்டிப் பார்த்ததில், பட்டியலின் அடியில் இருந்த கூட்டுத்தொகை ஏழு ரூபாய் அதிகமாக இருந்தது. இயந்திரம் கூட்டலில் தவறாது. ஆகவே எவரோ கூட்டுத்தொகையைக் கையால் மாற்றியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். பட்டியலைத் தட்டச்சு செய்தவர் பீகாரிலிருந்து வந்து ஒப்பந்த அடிப்படையில் பணிபுரியும் இளைஞர். ஊரில் இரு தங்கைகளுக்குப் பணம் அனுப்புபவர். அவர் பெயரில் ஒரு குறிப்பு எழுதப்பட்டால் அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. விளக்கம் சொல்லவும் அவருக்குத் தெரியவில்லை. "ஐயா, நான் தொடவே இல்லை" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்தேன். திரையில் ரூபாய் மட்டுமே தெரிந்தது; பைசாவைக் காட்டாதபடி அமைத்திருந்தார்கள். பைசாவைக் காட்டச் சொன்னதும் ஒவ்வொரு வரியிலும் அது எழுந்து நின்றது. இயந்திரம் நமக்குக் காட்டியது முழுமையாக்கிய எண். கூட்டியது முழுமையாக்காத எண். 100 ரூபாய் 40 பைசா மூவருக்கு என்றால் தாளில் மூன்று நூறுகள் தெரியும். கையால் கூட்டினால் 300. இயந்திரம் 301 ரூபாய் 20 பைசா என்று கூட்டி 301 என்று காட்டும். இருவரும் சரியாகவே கூட்டியிருக்கிறார்கள். ஆனால் இருவரும் கூட்டியது வெவ்வேறு எண்களை.

பிரிவு அதிகாரியிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். ஒவ்வொரு வரியிலும் வேறுபாடு ஐம்பது பைசாவுக்கு மேல் இருக்க இயலாது. 214 வரிகளிலும் ஒரே பக்கமாகச் சாய்ந்தாலும் மொத்த வேறுபாடு 107 ரூபாயைத் தாண்டாது. கூடுதலும் குறைவும் கலந்து கழிந்துவிடுவதால் நான்கைந்து ரூபாய் அளவில் எதிர்பார்க்கலாம். ஏழு ரூபாய் வியப்பானதன்று. சரியாகப் பூச்சியம் வந்திருந்தால்தான் எவரோ திருத்தினாரா என்று ஐயுறுவதற்கு இடமுண்டு. அவர் நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, விதிப்படி ஒவ்வொருவர் தொகையையும் முதலில் முழு ரூபாயாக்கி, அதன்பின் கூட்டுமாறு கோப்பைத் திருத்தச் சொன்னார். கூட்டுத்தொகைகள் ஒத்தன. எழுதவிருந்த குறிப்பு எழுதப்படவில்லை. இளைஞர் எனக்கு ஒரு தேநீர் வாங்கித் தந்தார், அவ்வளவுதான் நிகழ்ந்தது. ஆயினும் நான் செலுத்திய கல்விக் கட்டணம் முழுவதும் அன்று வசூலாகிவிட்டதாகவே கருதுகிறேன்.

படிப்பின் இறுதியில் கற்ற ஒரு கருத்து இன்னும் என் மனத்தைவிட்டு அகலவில்லை. அதை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஜேம்ஸ் வில்கின்சன் என்னும் ஆங்கிலேயர். 1970-இல் டியூரிங் விருது பெற்றவர். கிடைத்த விடை சரியான விடையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்றே எல்லோரும் கேட்பார்கள். அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். கிடைத்த விடை, எந்தக் கேள்விக்கு முற்றிலும் சரியான விடையாகும்? அந்தக் கேள்வி நாம் கேட்ட கேள்விக்கு மிக அருகில் இருக்குமானால், கணக்கிட்டவரைக் குறை கூற இயலாது. அவ்வாறு இருந்தும் விடை வெகுதூரம் விலகியிருந்தால், குறை கேள்வியின் இயல்பிலேயே உள்ளது. ஒன்று முதல் இருபது வரையுள்ள எண்களை மூலங்களாகக் கொண்ட ஒரு சமன்பாட்டில், 210 என்ற ஒரு கெழுவை ஒரு கோடியில் ஒரு பங்கு அளவே அசைத்ததும் மூலங்கள் பல இடம் பெயர்ந்து, சில கலப்பெண்களாகவே மாறிவிட்டதை அவர் கண்டு காட்டினார். செய்தவரின் பிழை வேறு, செயலின் நொய்ம்மை வேறு என்று பிரித்தறிவது நீதிமன்றங்களிலும் அரிதாகக் காணப்படும் பக்குவம். ஏழு ரூபாய்க்காக ஓர் இளைஞரைச் சந்தேகித்தபோது எங்கள் அலுவலகத்தில் இல்லாமற்போனது அந்தப் பக்குவந்தான்.

தேர்வில் தேறினேன். மதிப்பெண்ணை என் மகள் மட்டுமே அறிவாள். அவள் எவரிடமும் சொல்லமாட்டாள் என்று நம்புகிறேன். அலுவலகத்தில் இன்றும் ஒரு ரூபாய் வித்தியாசத்தைத் தேடுகிறோம், தேடத்தான் வேண்டும். ஆனால் தேடும் முறை மாறியிருக்கிறது. யார் செய்தது என்பது முன்பு முதற்கேள்வியாக இருந்தது. எவ்வளவு, எங்கிருந்து, ஒரே பக்கமாகச் சாய்கிறதா, நாளுக்கு நாள் வளர்கிறதா என்னும் கேள்விகளை இப்போது முதலில் கேட்கிறோம்.

இக்கேள்விகள் எண்களுக்கு மட்டும் உரியனவல்ல என்று சில வேளைகளில் எண்ணுவதுண்டு. ஊரைவிட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகள் பேசும் தமிழைப் பற்றிய கவலை இல்லாத வீடு இல்லை. ழகரம் நழுவுகிறது, இந்திச் சொல் கலக்கிறது என்று ஒவ்வொரு பிசகுக்கும் நாம் பிள்ளையைக் கடிந்துகொள்கிறோம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், வேற்றுமொழிப் பள்ளியில் படித்துக்கொண்டு, மாலையில் ஒரு மணி நேரம் பெற்றோருடன் பேசக் கிடைக்கும் வாய்ப்பைக் கருவியாகக் கொண்டு, ஒரு குழந்தை இவ்வளவு தமிழைக் காத்து வைத்திருக்கிறதே என்றும் கணக்கிட்டுப் பார்க்கலாம். புதுவைக் கணிதரின் சோழிகளை நினைவில் கொண்டால் கடிந்துகொள்ளும் வாய் சற்றே தயங்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் பிழையால் மொழி அழிந்துவிடாது. பேசப் பேச அது கழிந்துவிடும். வான்கூவரில் நிகழ்ந்ததுபோல, பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டு வேற்றுமொழிக்குத் தாவும் வழக்கம் நாள்தோறும் ஒரே பக்கமாகச் சாயுமானால், அதற்குத்தான் அஞ்சவேண்டும். அந்தக் கணக்கைப் பார்க்கவேண்டியவர்கள் பிள்ளைகளல்லர். வீட்டில் எந்த மொழியில் முதலில் வாய்திறக்கிறோம் என்பதை முடிவு செய்யும் பெரியவர்களாகிய நாமே.